‘எல்லாம் சேர்த்து’ வாடகைக்கு வீடு எடுக்கும் முன்

நகரத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு வீட்டு விளம்பரத்தில் இனிப்பாகத் தெரிகிற சொல் ‘எல்லாம் சேர்த்து’. கரண்ட், தண்ணீர், கேஸ், நெட், குப்பை எடுப்பது வரை வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும். மாதம் ஒரு தொகை கொடுத்தால் வேலை முடிந்தது. என் முதல் நகரத்து வீட்டை நானும் அப்படித்தான் எடுத்தேன். இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது. மூன்றாம் மாதம் வீட்டுக்காரர் கையில் ஒரு கரண்ட் பில்லோடு வாசலில் நின்றார்.

“எல்லாம் சேர்த்துன்னுதானே சார் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ஆமா தம்பி, சேர்த்துதான். சாதாரணமா பயன்படுத்தினா” என்றார்.

அந்தச் ‘சாதாரணம்’ எத்தனை யூனிட் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்தோம். அதற்குப் பிறகு மூன்று வீடு மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கேள்விகள் கூடிக்கொண்டே போயின. அவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு வாடகைச் சட்டம் மாறும், அதை அந்தந்த இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மீட்டரும் தண்ணீர்க் குழாயும் எங்கேயும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

முதல் படி: ‘எல்லாம்’ என்ற சொல்லைப் பிரித்துப் போடுங்கள்

போனில் பேசும்போதே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கரண்ட் உண்டா? குடிநீரும் புழங்கும் தண்ணீரும் இரண்டுமா, ஒன்று மட்டுமா? கழிவுநீர்க் கட்டணம்? கேஸ்? குளிர் நாடாக இருந்தால் அறையைச் சூடாக்குவது? வெப்ப நாடாக இருந்தால் ஏசி ஓடும் கரண்ட்? நெட், குப்பை, லிப்ட், படிக்கட்டு விளக்கு, காவலாளி சம்பளம், வண்டி நிறுத்தும் இடம்? கேட்கக் கேட்க ஒன்றிரண்டு கழன்றுகொள்ளும். “பார்க்கிங் மட்டும் தனி”, “ஏசி போட்டா அதுக்கு மட்டும் கொஞ்சம்” என்று வரும். அப்படி வந்தால் நல்லதுதான். இப்போது கழன்றது மூன்றாம் மாதம் கழலாது.

அடுத்தது, எந்த மாதிரி ‘சேர்த்து’ என்பது. நான் பார்த்தவரையில் நான்கு வகை உண்டு. நான்கையும் ஒரே சொல்லால்தான் விளம்பரம் செய்கிறார்கள். குழப்பம் தொடங்குவதே அங்கேதான்.

உண்மையிலேயே எல்லாம் சேர்த்து வருவது ஒன்று. எவ்வளவு ஓட்டினாலும் அதே தொகை. பெரும்பாலும் ஒற்றை அறை வீடுகளிலும், சாமான்களோடு விடப்படும் சிறிய வீடுகளிலும்தான் இதைப் பார்க்கலாம். வீட்டுக்காரர் தன் நஷ்டத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை வைத்திருப்பார்.

இரண்டாவது, உச்சவரம்போடு வருவது. இத்தனை யூனிட் வரை வாடகைக்குள், அதற்கு மேல் போனால் நீங்கள் கட்ட வேண்டும். நேர்மையாக எழுதப்பட்டால் இதுதான் இரண்டு பக்கத்துக்கும் நியாயமானது என்பது என் கருத்து. எழுதப்படாமல் ‘சாதாரணமா’ என்று வாயில் மட்டும் இருந்தால் என் மூன்றாம் மாதக் கதைதான்.

மூன்றாவது, மாதாமாதம் ஒரு தோராயத் தொகையை வாங்கிக்கொண்டு ஆண்டு முடிவில் கணக்குத் தீர்ப்பது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். வீட்டுக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, நமக்கு விஷயம் புரியாமல் போய்விடுகிறது. மாதம் 10 என்று கட்டினால் ஆண்டுக்கு 120. உண்மைச் செலவு 150 ஆகியிருந்தால் பாக்கி 30-ஐ ஒரே தவணையில் கேட்பார்கள். 100-தான் ஆகியிருந்தால் 20 திரும்பி வர வேண்டும். அதை நாமாகக் கேட்டால்தான் வரும். கேட்கிற தோராயம் மற்ற வீடுகளைவிட மிகக் குறைவாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். வாடகை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதைக் குறைத்து வைப்பதுண்டு. “போன வருஷம் இந்த வீட்டுக்குக் கணக்குத் தீர்த்த தாளைக் காட்ட முடியுமா?” என்று கேட்டுவிடுங்கள்.

நான்காவது, மொத்த பில்லைத் தலைக்கு இவ்வளவு அல்லது சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரிப்பது. ஒரே மீட்டரில் நாலு வீடு ஓடும் கட்டடங்களில் இது வழக்கம். உங்கள் சிக்கனம் உங்கள் பில்லைக் குறைக்காது, அடுத்த வீட்டு ஹீட்டர் உங்கள் பில்லை ஏற்றும். இன்னொரு சிக்கலும் உண்டு. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுகிற படிக்கட்டுக் கட்டண முறை உள்ள இடங்களில், தனித்தனி மீட்டரில் 100 யூனிட் ஓடும் இரண்டு வீடும் கீழ்ப்படியிலேயே நின்றுவிடும். இரண்டையும் ஒரே மீட்டரில் சேர்த்தால் அது 200 யூனிட். மேல்படி விலைக்குப் போய்விடுகிறது. யாரும் கூடுதலாக ஒரு விளக்குகூடப் போடாமலே இருவரும் அதிகம் கட்டுவார்கள்.

இரண்டாம் படி: உங்களுக்கு இது லாபமா என்று கணக்குப் போடுங்கள்

அதே கட்டடத்தில், அல்லது அதே தெருவில், வெறும் வாடகை 100 என்றும் எல்லாம் சேர்த்து 125 என்றும் இரண்டு வீடு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 25 என்பது, உங்களைப் பார்க்காமலேயே வீட்டுக்காரர் உங்கள் வாழ்க்கையைப் பற்றிப் போட்ட மதிப்பீடு. காலையில் போய் இரவில் திரும்புகிற ஒற்றை ஆளுக்கு அது அதிகம். வீட்டிலிருந்தே வேலை செய்கிற, கைக்குழந்தை வைத்திருக்கிற இரண்டு பேருக்கு அது மலிவு.

கணக்குப் போட ஒரு யூனிட் என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். 1000 வாட் சாதனம் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். சாதனத்தின் முதுகிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் வாட் எண் இருக்கும். அதை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் விடை.

இதில் நம் மனக்கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. விளக்கை அணை, விளக்கை அணை என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 9 வாட் எல்ஈடி விளக்கை தினம் 5 மணி நேரம் எரித்தால் மாதம் முழுவதும் 1.35 யூனிட்தான். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்க அரை யூனிட்டுக்கு மேல் ஆகும். அதாவது மூன்று வாளி வெந்நீர், ஒரு விளக்கின் ஒரு மாத உழைப்பைக் குடித்துவிடும். இரண்டு பேர், தினம் இரண்டு வேளை, ஆளுக்கு ஒரு வாளி என்றால் வெந்நீருக்கு மட்டும் மாதம் 60 யூனிட்டைத் தாண்டும். சூட்டையோ குளிரையோ உண்டாக்குகிற எதுவும் தின்னும். 2000 வாட் அறை ஹீட்டர் நிற்காமல் 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட். 50 வாட் மடிக்கணினி 10 மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்தான். 75 வாட் மின்விசிறி 8 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். சாதாரண அளவுக் குளிர்சாதனப் பெட்டிக்கு நாளுக்குச் சுமார் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் கேள்வி ஒன்றுதான்: இந்த வீட்டில் வெந்நீரும், சூடும், குளிரும் எதில் ஓடுகின்றன, அதன் செலவு வாடகைக்குள் இருக்கிறதா? அவை உள்ளே இருந்தால் ‘எல்லாம் சேர்த்து’ என்பதற்கு மதிப்பு உண்டு. விளக்கும் நெட்டும் மட்டும் உள்ளே, ஹீட்டர் வெளியே என்றால் அந்தச் சொல்லுக்காக ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இந்த ஊரில் தன் செலவு எவ்வளவு ஆகும் என்றே தெரியாத புதியவருக்கு முதல் ஆறு மாதம் ‘எல்லாம் சேர்த்து’ நல்லது. பத்துப் பைசா கூடப் போனாலும் தலைவலி குறைவு, இணைப்பு வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். தன் கணக்கு கைக்கு வந்த பிறகு தனி மீட்டர் வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

மூன்றாம் படி: வீட்டைப் பார்க்கப் போகும்போது

மாலையில் போங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாயில் தண்ணீர் பாயும், நெட் பறக்கும். எல்லாரும் வீடு திரும்பிய இரவு எட்டு மணிக்கு நிலைமை என்ன என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

முதலில் மீட்டர். “மீட்டர் எங்கே சார் இருக்கு?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் தனி மீட்டரா, வீட்டுக்காரர் தானே பொருத்திய சப் மீட்டரா, மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 1600, 3200 போன்ற எண்களைப் பார்க்கலாம். 3200 என்று இருந்தால் 100 வாட் ஓடும்போது நிமிடத்துக்கு ஐந்து முறைக்குச் சற்று மேல் மினுக்கும்.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சில நிமிடம் மினுக்கே இல்லை என்றால் சரி. எப்போதாவது ஒரு மினுக்கு வந்தால் அழைப்புமணி போன்ற ஏதாவது சின்னச் சாமானாக இருக்கும். விடாமல் மினுக்கினால் உங்கள் மீட்டரில் வேறு யாரோ சாப்பிடுகிறார்கள். என் இரண்டாவது வீட்டில் குடியேறி ஐந்து மாதம் கழித்துத்தான் இதைச் செய்துபார்த்தேன். எல்லாம் அணைந்த பிறகும் மினுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால் படிக்கட்டு விளக்குகளும், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் என் மீட்டரில் இருந்தன. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேல் ஆகும். தினமும் ஓடினால் மாதம் 22 யூனிட்டைத் தாண்டும். வீட்டுக்காரருக்கே அது தெரியாது. என்றோ ஒரு எலெக்ட்ரீஷியன் வசதிப்பட்ட இடத்தில் கம்பியை இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்புறம் தண்ணீர். வாளி இருந்தால் குழாயைத் திறந்து 10 லிட்டர் நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் குளிக்கத் தாராளம். சமையலறைக் குழாயையும் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள், அழுத்தம் பாதியாகிறதா என்று தெரியும். வெந்நீர் வரும் என்று சொன்னால் வரவைத்தே பாருங்கள்.

தண்ணீருக்கு வரம்பு உள்ள வீட்டில் ஒழுகல்தான் எதிரி. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும். அதுகூடக் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். கழிவறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகும், நாளுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர்கூடப் போகும். தொட்டி மூடியைத் திறந்து சில சொட்டு உணவு நிறத்தைவிட்டு, பிளஷ் செய்யாமல் பத்து நிமிடம் காத்திருங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கினால் அடைப்பான் போய்விட்டது என்று அர்த்தம். மாற்றுவதற்குச் சின்ன ரப்பர் சாமான்தான், ஆனால் குடியேறும் முன்பே வீட்டுக்காரர் மாற்றித் தர வேண்டும்.

நெட் வேகத்தை ரவுட்டர் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். நீங்கள் வேலை செய்யப்போகிற மேசையில் உட்கார்ந்து பாருங்கள். 100 எம்பிபிஎஸ் என்று அவர் சொன்னால், கோப்பு இறங்கும் வேகத்தில் அது நொடிக்கு 12.5 எம்பிதான், அதுவும் கம்பி வழியாக. எத்தனை வீடு அந்த இணைப்பைப் பகிர்கிறது என்றும் கேளுங்கள். பகிர்ந்த நெட்டில் ரவுட்டரின் சாவி வீட்டுக்காரரிடம்தான் இருக்கும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற அளவுக்கு அவர் பார்க்க வழியுண்டு. அது உறுத்தினால் மொபைல் டேட்டாவை நம்புங்கள்.

மின்பெட்டியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு மின்சாரத்தால் ஷாக் அடிக்காமல் காக்கும் சாதனம் அது. அழுத்தினால் கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் குடிபுக வேண்டாம். இதில் பேரம் கிடையாது.

சூடாக்கும் கருவியோ ஏசியோ மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றாக இருந்தால், வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். செலவு அவருடையது, பொத்தானும் அவருடையது என்றால் குளிர்காலத்தில் போர்வை உங்களுடையது. ஜன்னல் இடுக்கில் கையை வைத்துப் பாருங்கள், காற்று வந்தால் சூடும் அதே வழியாகப் போகும்.

வெளியே வரும்போது படிக்கட்டில் யாராவது எதிர்ப்பட்டால் நின்று பேசிவிடுங்கள். “தண்ணி எப்படி வரும்? பில் தகராறு ஏதாச்சும் வந்ததா?” இந்த இரண்டு கேள்விக்குக் கிடைக்கும் பதில், வீட்டுக்காரர் அரை மணி நேரம் சொன்னதைவிட உபயோகமாக இருக்கும்.

நான்காம் படி: எழுத்தில் வாங்குங்கள்

ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ‘மின்சாரம், தண்ணீர் உட்பட’ என்று ஒற்றை வரிதான் இருக்கும். அந்த வரியை விரிக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். நல்ல வீட்டுக்காரருக்கும் அது பாதுகாப்புதான். எப்படி எழுதலாம் என்பதற்கு என் ஒப்பந்தத்தில் சேர்த்த வரிகளைத் தருகிறேன், எண்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்:

“மாத வாடகையில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், இணையம், குப்பை அகற்றல், பொதுப் பராமரிப்பு ஆகியவை அடங்கும். மின்சாரம் மாதம் ___ யூனிட் வரை வாடகைக்குள் அடங்கும். அதற்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு, மின் நிறுவனம் அந்த மாதம் வசூலித்த அதே விலையில், பில் நகலைக் காட்டிய பின் குடியிருப்பவர் செலுத்துவார்.”

வரம்பைப் பணமாக எழுதாமல் யூனிட்டாக எழுதுங்கள். பணமாக எழுதினால், கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓட்டக்கூடிய நேரம் யாரும் சொல்லாமலே சுருங்கும். வீட்டுக்காரர்கள் இதற்கு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை, விலையேற்றம் அவர்கள் தலையில் விழும் என்பதால். நடுவழி ஒன்று உண்டு: யூனிட்டில் வரம்பு, கட்டணம் உயர்ந்தால் அந்த யூனிட்டுகளுக்கான வித்தியாசத்தை மட்டும் அடுத்த புதுப்பிப்பில் வாடகையோடு சேர்ப்பது. என் வீட்டுக்காரர் அதற்குச் சம்மதித்தார். வரம்பு மாதத்துக்கா, ஆண்டுக்கா என்பதையும் பேசுங்கள். ஆண்டுக்கு என்றால் ஹீட்டர் ஓடாத மாதங்களில் மிச்சம் பிடித்ததை ஹீட்டர் ஓடும் மாதங்களில் செலவழிக்கலாம், நமக்கு அதுதான் வசதி.

“குழாய் அல்லது தொட்டி ஒழுகலைக் குடியிருப்பவர் தெரிவித்த நாளிலிருந்து, அதனால் ஏற்படும் கூடுதல் தண்ணீர்ச் செலவு உரிமையாளரைச் சேரும்.” இந்த வரி இருந்தால் பிளம்பர் சீக்கிரம் வருவார்.

“இணைப்புகள் உரிமையாளர் பெயரில் இருப்பதால், அவர் கட்டணம் செலுத்தாமல் இணைப்பு துண்டிக்கப்பட்டால், குடியிருப்பவர் நேரடியாகச் செலுத்தி அத்தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.” நீங்கள் மாதாமாதம் ஒழுங்காக வாடகை கொடுத்தும் ஒருநாள் இருட்டில் உட்கார நேரலாம். ஏனென்றால் பில் கட்ட வேண்டியவர் வேறு ஒருவர். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: தகராறு வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திக் குடியிருப்பவரை விரட்டுவதைப் பல நாடுகளின் வாடகைச் சட்டங்கள் தடைசெய்கின்றன. உங்கள் ஊரில் எப்படி என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளிகள் எத்தனை நாள் தங்கலாம், மாத நடுவில் குடியேறினால் எவ்வளவு, நெட் நாள் கணக்கில் அறுந்தால் என்ன கழிவு என்பதெல்லாம் ஓரிரு வரியில் முடிகிற விஷயம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் யோசிக்காத ஒன்று உண்டு, முகவரிச் சான்று. வங்கிக் கணக்கு, சிம் கார்டு, பள்ளி அனுமதி என்று எங்கே போனாலும் கரண்ட் பில்லோ தண்ணீர் பில்லோ கேட்பார்கள். ‘எல்லாம் சேர்த்து’ வீட்டில் பில் உங்கள் பெயரில் வராது. எனக்கு இது வங்கி வரிசையில் நின்ற பிறகுதான் உறைத்தது. ஆகவே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் அசல் ஒன்று, பதிவு செய்யும் வழக்கம் உள்ள இடத்தில் பதிவு செய்தது, கூடவே நீங்கள் இந்த முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம், இரண்டையும் சாவியோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பணம் கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். வாடகைக்கு விடுகிறவர்தான் உரிமையாளரா, இல்லை அவருக்கு உரிமையாளர் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அவர் பெயரில் வந்த ஒரு பழைய கரண்ட் பில்லைக் கேட்டால் பெயர், முகவரி, வழக்கமான யூனிட் மூன்றும் ஒரே தாளில் தெரிந்துவிடும். “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று யாராவது சொன்னால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: குடியேறும் நாளும் அதற்குப் பிறகும்

சாமானை இறக்கும் முன் கரண்ட், தண்ணீர், கேஸ் மீட்டர்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மீட்டர் எண்ணும் அளவும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அதை அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பி, “இன்றைய அளவு இது சார், சரிதானே?” என்று ஒரு வரி எழுதுங்கள். அவர் ‘சரி’ என்று பதில் போட்டால் அதுவே உங்கள் ஆதாரம். கூடவே ஹீட்டர், ஏசி, அடுப்பு வேலை செய்வதையும் சின்னக் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரு படம். அரை நிமிட வேலை. மாத நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தால் வரம்பில் பாதியைத் தாண்டிவிட்டோமா என்றும் தெரியும். தாண்டியிருந்தால் வெந்நீரையும் ஹீட்டரையும்தான் முதலில் பாருங்கள். போன் சார்ஜரைக் கழற்றி வைப்பதால் கணக்கில் ஒன்றும் மாறாது.

கூடுதல் பில் என்று யாராவது வந்து நின்றால் உடனே கோபப்படவும் வேண்டாம், உடனே பணம் எடுக்கவும் வேண்டாம். பில்லை வாங்கி நான்கு இடம் பாருங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? இரண்டு மாத பில்லை ஒரு மாதமாக நினைத்துக் கேட்பது அடிக்கடி நடக்கும். அளவு நேரில் எடுத்ததா, தோராயமாகப் போட்டதா? ஆள் வந்து பார்க்காமல் பழைய பயன்பாட்டை வைத்து நிறுவனமே மதிப்பிட்டுப் போடும் பில்கள் உண்டு, அவற்றில் அப்படிக் குறிப்பும் இருக்கும். உங்கள் படத்தில் உள்ள அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் விஷயம் அங்கேயே தெளிந்துவிடும். முன்பு குடியிருந்தவரின் பாக்கி சேர்ந்திருக்கிறதா? கடைசியாக, தாமதத்துக்கான அபராதம் இருக்கிறதா? தாமதித்தது பில் கட்ட வேண்டிய வீட்டுக்காரர் என்றால் அபராதம் உங்களைச் சேராது.

எனக்கு இப்படி ஒருமுறை பில் வந்தபோது பேசியது இவ்வளவுதான்:

“சார், பில்லுல 210 யூனிட் போட்டிருக்கு. முதல் தேதிக்கு முதல் தேதி நான் எடுத்த படத்துல 148தான் ஓடியிருக்கு.”

“அப்படியா? எங்க, காட்டுங்க.”

படத்தைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். பில் காலம் 43 நாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

எல்லா வீட்டுக்காரரும் தேநீர் வாங்கித் தர மாட்டார்கள். பேசித் தீரவில்லை என்றால், உங்கள் கணக்கையும் படங்களையும் ஒப்பந்த வரியையும் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். நீங்கள் ஒப்புக்கொள்கிற பகுதியை உரிய நாளில் கட்டிவிட்டு, மறுக்கிற பகுதியை மட்டும் நிறுத்திவையுங்கள். வாடகை முழுவதையும் நிறுத்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தவறு உங்கள் மேல் வந்துவிடும்.

ஆறாம் படி: காலி செய்யும்போது

எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், அதை எழுத்தில் கொடுங்கள். கடைசி நாளில் வீட்டுக்காரரோடு சேர்ந்து மீட்டரைப் படித்து, இருவரும் அந்தத் தாளில் கையெழுத்திட்டுவிடுங்கள். வரம்பு முறை என்றால் அன்றே கணக்குத் தீர்ந்துவிடும்.

ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும் முறை என்றால் நீங்கள் போன பிறகுதான் இறுதித் தாள் தயாராகும். அதைக் காரணம் காட்டி முன்பணம் முழுவதையும் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். போன ஆண்டு எவ்வளவு பாக்கி வந்ததோ அதை ஒட்டிய ஒரு தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை இப்போதே தரச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தேதிக்குள் கணக்கு வரும் என்றும் எழுதி வாங்குங்கள். புது முகவரியையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு வாருங்கள், திரும்பி வர வேண்டிய பணமும் அந்தத் தாளில்தான் இருக்கும். மாதாமாதம் எடுத்த மீட்டர் படங்களை அந்தத் தாள் வந்து சேரும் வரை போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.